கார் கழுவியாச்சு... வெள்ளைப் புள்ளி எங்கிருந்து வந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம் பக்கத் தெருக்களில் நடந்தால் ஒரே காட்சிதான். கேட்டுக்கு வெளியே கார், பக்கத்தில் டியூப், நுரை பொங்கும் பக்கெட், அந்த நுரையில் கை வைக்கத் துடிக்கும் ஒரு வாண்டு. அரை மணி நேரத்தில் கார் குளித்து முடிக்கிறது. ‘காபி ஆறிப்போகுது’ என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. காபியைக் குடித்து, பேப்பரில் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வெளியே வந்தால், கறுப்பு பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அம்மை போட்டது மாதிரி! இதற்கு முன்பிருந்த புழுதியே தேவலாம் என்று தோன்றும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் என்றால் கேட்கவே வேண்டாம். தெருவே கழுவும், தெருவே புள்ளி வைத்துக்கொள்ளும்.

காரில் கோளாறு இல்லை. ஷாம்பு மீதும் தப்பில்லை. எல்லாம் தண்ணீர் செய்யும் வேலை.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று தென்சென்னைப் புறநகரில் பெரும்பாலான வீடுகளில் புழக்கத்துக்கு வருவது போர் தண்ணீர். பாறை இடுக்குகளிலும் மண்ணிலும் ஊறி வரும் வழியிலேயே கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிற தண்ணீர் அது. இந்தப் பக்கத்துப் பாறைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல், பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துப் பாறையே. அதனால்தான் 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் அந்தப் பாறை வகைக்கு ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார். பெயர் பெருமைதான். ஆனால் குழாய் வாயில் படியும் வெள்ளை, கீஸருக்குள் கட்டும் சுண்ணாம்பு, பாத்ரூம் டைல்ஸில் தேய்த்தாலும் போகாத கறை எல்லாம் நிலத்தடி உப்புதான். காரின் மேல் விழும் புள்ளியும் அதே குடும்பம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்கதாகச் சொல்லும் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கிறது. உங்கள் வீட்டு போர் தண்ணீர் 1,000 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் ஆவியானால் ஒரு கிராம் உப்பு மிஞ்சும். கழுவி முடித்த காரில் கால் லிட்டர் தண்ணீர் துளித்துளியாக நின்றால், கால் கிராம் உப்பு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது ஒரே இடத்தில் குவிவதில்லை. ஆயிரம் துளிகளில், ஆயிரம் வட்டங்களாகக் காய்கிறது. தாம்பரம் வெயிலில் பானெட் சுடும்போது இந்த வேலை ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டால் வெயிலும் பனியும் மாறி மாறிப் பட்டு, அந்த உப்பு பெயின்ட் மேல்பூச்சில் வடுவாகவே பதிந்துவிடும்.

ஆக, காரைக் கழுவுவதில் பாதி வேலைதான் கழுவுவது. மீதிப் பாதி, காய்வதற்கு முன் தண்ணீரை எடுத்துவிடுவது.

துடைத்தால் போதாதா?

‘அதான் மஞ்சள் துணி இருக்கே’ என்பீர்கள். சிக்னலில் கண்ணாடியைத் தட்டி விற்கும் அந்த மஞ்சள் துணி இல்லாத டேஷ்போர்டு நம் ஊரில் உண்டா? அதைவிட்டால் பழைய டவல், பழைய லுங்கி, மெக்கானிக் கடையிலிருந்து வாங்கி வந்த பனியன் வேஸ்ட். இவை எல்லாமே தண்ணீரை எடுக்கும். கூடவே வேறு ஒன்றையும் செய்யும்.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. பளபளப்பு முழுவதும் அதில்தான். அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிசு. ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதியும், மெட்ரோ வேலைகள் நடக்கும் இடங்களிலிருந்து பறந்து வரும் மணலும் இந்தப் பூச்சைவிடக் கடினமானவை. என்னதான் கழுவினாலும் சில துகள்கள் மேலே ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் காய்ந்த துணியை அழுத்தித் தேய்த்தால், உப்புத்தாள் போட்ட மாதிரிதான். பகலில் தெரியாது. ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் நிறுத்திப் பாருங்கள். சிலந்திவலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் மின்னும். அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை நாமே ஆசையாசையாகத் துடைத்துப் போட்டவை.

இங்கேதான் ஸ்பிரே வருகிறது. டீட்டெயிலிங் கடைக்காரர்கள் ‘டிரையிங் எய்ட்’ என்கிறார்கள். ஈரம் இருக்கும்போதே தெளித்துத் துடைக்கிற திரவம். பாட்டிலுக்குள் பெரும்பகுதி தண்ணீர்தான். அதோடு கொஞ்சம் வழுவழுப்புத் தரும் பொருள், கொஞ்சம் மெழுகு அல்லது சிலிக்கான் வகைப் பாலிமர். அது இரண்டு வேலை செய்கிறது. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே வழுக்கலாக நின்று உராய்வைக் குறைக்கிறது. அடுத்தது, தண்ணீர் பரப்பில் ஒட்டாமல் விலகி ஓட உதவுகிறது. துணி ஒரே இழுப்பில் அதை எடுத்துக்கொள்கிறது. அடிக்கடி செய்தால் மெல்லிய பாதுகாப்புப் படலமும் சேரும்.

‘செராமிக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பாட்டிலைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தெளித்துத் துடைக்கிற எதுவும் காருக்குக் கவசம் ஆகிவிடாது. சில வாரங்கள் தண்ணீர் உருண்டு ஓடும், அவ்வளவுதான். ஸ்பிரே அழுக்கை எடுக்கும் மருந்தும் அல்ல. சரியாகக் கழுவாத காரில் ஸ்பிரே அடித்துத் துடைத்தால் அழுக்குக்கு எண்ணெய் தடவியது போலத்தான்.

எப்படிச் செய்வது?

முதலில் நிழல். கார் நிழலில் நிற்க வேண்டும், பானெட்டில் கை வைத்தால் குளுமையாக இருக்க வேண்டும். ஓட்டி வந்ததும் கழுவாமல் அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான தகட்டில் ஸ்பிரேயும் காய்ந்து திட்டாகிவிடும். நுரையை அலசிய பிறகு, டியூப் முனையில் விரல் வைத்துப் பீய்ச்சாமல், தண்ணீரை மெதுவாக மேலிருந்து வழிய விடுங்கள். ஓடுகிற தண்ணீர் நிற்கிற துளிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பாதி காயும் வேலை இதிலேயே முடிந்தது.

பிறகு மேற்கூரையில் ஆரம்பித்து, ஒரு நேரத்தில் ஒரு பகுதி. பகுதிக்கு இரண்டு தெளிப்பு போதும். பாட்டில் தீர்ந்தால் பளபளப்பு கூடும் என்று எந்த விதியும் இல்லை. அதிகமானால் கோடு கோடாகத்தான் தெரியும். பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு, அழுத்தாமல், உங்களை நோக்கி இழுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். டவல் கனத்தால் மடிப்பை மாற்றுங்கள். கடைசியாக இன்னொரு காய்ந்த டவலால் லேசாக ஓர் ஒற்று. கதவின் கீழ்ப்பகுதியில் எப்போதும் மணல் இருக்கும் என்பதால் அதற்கெனத் தனித் துணி. அது தவறிக்கூட பானெட் பக்கம் போகக் கூடாது. சைடு மிரர், கைப்பிடி, பெட்ரோல் மூடி இடுக்குகளில் ஒளிந்திருக்கும் தண்ணீர் அப்புறமாக ஒழுகி வந்து கோடு போடும். கதவுகளை ஒருமுறை திறந்து மூடிவிட்டு அங்கேயும் துடைத்துவிடுங்கள்.

ஸ்பிரே வாங்க மனமில்லையா? வீட்டிலேயே அருமையான பொருள் ஒன்று சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏ.சி. தண்ணீர்! காற்றின் ஈரம் குளிர்ந்து விழும் தண்ணீர் அது, உப்பு மிகக் குறைவு. சென்னைப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க ஓடும் ஏ.சி.க்கு அடியில் பக்கெட் வைத்தால், கடைசி அலசலுக்குத் தேவையானது காலையில் தயார். குடிக்கத்தான் ஆகாது. பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் இதற்கு நல்லது. 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மாநிலம் நம்முடையது என்பதைக் கார் கழுவும்போதாவது நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வேறு ரகம். ‘வீணாகப் போகிறதே’ என்று அதைப் பிடித்துக் காரை அலசுபவர்கள் நிறைய. முதலில் புழுதியைக் கரைக்க ஊற்றலாம். கடைசி அலசலுக்குக் கூடவே கூடாது. மெஷின் ஒதுக்கித் தள்ளிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பிரேக் பக்கம் போகாதீர்கள்!

பெயின்ட் கெட்டால் பணம்தான் போகும். பிரேக்கில் ஸ்பிரே பட்டால் கதையே வேறு. சக்கரத்தின் நடுவே தெரியும் வட்டத் தட்டுதான் பிரேக் டிஸ்க். சிலிக்கானோ மெழுகோ அதில் படிந்தால் பிரேக் பேடு பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும். அலாய் வீல் மின்ன வேண்டும் என்று சக்கரத்துக்குள் ஸ்பிரே அடிப்பது அந்த ஆபத்தை விலைக்கு வாங்குவதுதான். வீலுக்கு வேண்டுமானால் துணியில் தெளித்து, அந்தத் துணியால் துடையுங்கள். தவறிப்போய் டிஸ்க்கில் பட்டுவிட்டால், அப்படியே ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். பிரேக் கிளீனரால் சுத்தம் செய்து, மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு வண்டியை எடுங்கள். பேடு ஊறிப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பக்கத்தில் நிற்கும் பைக்குக்கும் ‘ஒரு கை’ போடுவது பலரின் வழக்கம். டேங்க்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பைக் டயர், டிஸ்க், கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சீட் எதிலும் வேண்டாம். காரின் டயர் தரையைத் தொடும் பகுதி, ஸ்டியரிங், பெடல் ஆகியவற்றுக்கும் இதே தடைதான். முன்கண்ணாடியிலும் தெளிக்காதீர்கள். பகலில் சுத்தமாகத் தெரியும். முதல் மழையில் வைப்பர் ஓடும்போது எண்ணெய்ப் பூச்சு போல மங்கி, எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணாடி முழுக்க விரியும். கண்ணாடிக்கு ஈரத் துணி போதும்.

அழுத்தினால் புஸ்ஸென்று அடிக்கும் டப்பா வகை ஸ்பிரேக்களில் எரியக்கூடிய வாயு இருப்பது வழக்கம். 50 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். மே மாத மதியம் ரயில் நிலைய பார்க்கிங்கில் பூட்டி நிற்கும் காரின் டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். டப்பாவை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில். ஆயுத பூஜை அன்று ஸ்பிரே வாசனை அடங்குவதற்குள் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றவும் வேண்டாம். (சந்தனம், குங்குமத்தைக் கண்ணாடியில் வையுங்கள். பெயின்ட்டில் நாள்கணக்கில் விட்டால் கறை நிற்கும்.)

ஏற்கெனவே புள்ளி விழுந்துவிட்டதா? வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், மெல்லிய துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்தில் நன்றாக அலசிவிடுங்கள். புதுக் கறை கரைந்துவிடும். அதற்கும் போகவில்லை என்றால் வடு உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். பாலிஷ்தான் வழி. பாலிஷ் என்பது அந்த மெல்லிய பூச்சையே கொஞ்சம் சீவுவது, அதனால் வருடத்துக்கு நான்கு தடவை செய்கிற காரியமல்ல. பாத்ரூம் ஆசிட், மண்ணெண்ணெய் யோசனை சொல்பவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

நுரை போல ஓடும் தண்ணீர்

2019 ஜூனை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, போர்கள் காற்று வாங்கி, லாரிக்குக் காத்திருந்த நாள்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 2024 மார்ச்சில் பெங்களூருவில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் டியூபைப் பத்து நிமிடம் திறந்து வைத்தால் 150 லிட்டர் போயிற்று. லேசான புழுதி மட்டும் இருக்கும் வாரங்களில், அலசத் தேவையில்லாத ‘ரின்ஸ்லெஸ்’ திரவத்தை ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து, பகுதி பகுதியாகத் துடைத்துக் காயவைத்தால் பத்து லிட்டரில் வேலை முடிகிறது. சேறு அப்பிய காருக்கு இது ஆகாது. மழைக்காலத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால், முதலில் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கரைத்தே தீர வேண்டும்.

அடுக்ககங்களில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நாம் அல்ல. விடியற்காலையில், நாம் எழுவதற்கு முன்பே வந்து, வரிசையாகப் பல கார்களைத் துடைத்துவிட்டுப் போகிறவர்கள். ஒரு பக்கெட் தண்ணீர், ஒரே துணி. முதல் காரின் மணல் பத்தாவது கார் வரை பயணம் செய்கிறது. கோடு விழுந்தால் ‘சரியாத் துடைக்கத் தெரியலை’ என்று திட்டு விழுவது மட்டும் அவருக்கு. தண்ணீர் எவ்வளவு எடுக்கலாம் என்று சங்கம் அளந்து வைத்திருக்கும். துணி அவர் கைக்காசு. உங்கள் கார் மேல் அக்கறை இருந்தால், காரின் எண்ணை எழுதி இரண்டு மைக்ரோஃபைபர் டவல்களையும் ஒரு ஸ்பிரே பாட்டிலையும் அவரிடம் கொடுங்கள். பாட்டிலோடு ஒரு ஜோடி கையுறையும். எங்கே அடிக்கக் கூடாது என்பதை, சக்கரத்தைக் காட்டி ஒருமுறை நேரில் சொல்லிவிடுங்கள். லேபிளில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம்.

டவலைத் துவைக்கும்போது வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம். நுண்ணிழைகள் மழுங்கி, தண்ணீரை உறிஞ்சாமல் போகும். மற்ற துணிகளோடும் போடாதீர்கள். காயப்போடுவது வேப்பமரத்தடியிலோ மொட்டைமாடித் தரையிலோ வேண்டாம், கொடியில் போடுங்கள். தரையில் விழுந்த டவல் அன்று முதல் சக்கரத் துணி.