தைரொயிட் பரிசோதனை: தாய்மார் அறிந்துகொள்ள

திம்புள்ளப் பக்கத்தில் யாருக்காவது கழுத்தில் கழலை கண்டால் “தண்ணீர் சரியில்லை” என்று சொல்லி விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அயடீன் குறைவே காரணமாக இருந்தது. 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது இலங்கையில் சட்டமாக்கப்பட்டது. கழலை குறைந்தது. தைரொயிட் நோய் மட்டும் நம் பெண்களை விட்டபாடில்லை.

தைரொயிட் ஹோர்மோன் இரத்தத்தில் ஓடினால் போதாது. உயிரணுவின் கருவுக்குள் அதை ஏற்கும் புரதம் ஒன்றை அல்லாஹ் அமைத்திருக்கிறான். ஏற்பி என்பது அதன் பெயர். 1967இல் ரெஃபெடொஃப் என்ற மருத்துவரும் சகாக்களும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். இரத்தத்தில் ஹோர்மோன் நிறைய இருந்தும் உடம்பு அதற்கு இணங்கவில்லை. பழுது ஏற்பியில்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. ஏற்பியின் மரபணு 1986இலேயே இனங்காணப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத இதைத் தேடுவது எப்படி? அப்புரதத்தின் துண்டொன்றை முயலுக்கு ஊசியால் ஏற்றுகிறார்கள். முயலின் உடம்பு அதற்கெதிராக எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. அதைப் பிரித்தெடுத்துத் திசுவில் இட்டால், ஒரே பெயரில் பத்துப் பேர் உள்ள லயத்திலும் உரியவரிடமே கடிதத்தைச் சேர்க்கும் தபால்காரரைப் போல, ஏற்பியில் மட்டும் போய் ஒட்டும்.

இது ஆய்வுகூடத்து வேலை. ஆனால் கிளினிக்கில் எடுக்கும் டீ.எஸ்.எச். பரிசோதனையும் எதிர்ப்பொருளைக் கொண்டே நடக்கிறது. இவ்வகை அளவீட்டுக்கு வழி திறந்த ரொசலின் யாலோ என்ற பெண்மணி 1977இல் நோபல் பரிசு பெற்றார். முயலின் பொருளாயிற்றே, ஆகுமா என்று கேட்கிறார்கள். அது சோதனைக் குழாயோடு சரி, நம் உடம்பில் ஏறுவதில்லை. நோன்போடு இரத்தம் கொடுத்தாலும் ஷாபிஈ மத்ஹபில் நோன்பு முறியாது.

ரிப்போர்ட்டில் “தைரொயிட் ஆன்டிபொடி” என்றிருந்தால் அது வேறு. நம் உடம்பே தன் சுரப்பிக்கு எதிராக உண்டாக்கியது அது. டொக்டரிடம் விளக்கம் கேளுங்கள்.

பச்சிளம் குழந்தையின் குதிகாலில் துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் திட்டம் 2010இல் தென் மாகாணத்தில் தொடங்கியது. குறையிருந்தால் முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும். பிந்தினால் பிள்ளையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும். மீண்டும் கொண்டுவரச் சொல்லி அழைப்பு வந்தால், “நாற்பது கழியட்டும்” என்று வைத்திருக்காதீர்கள். தாய் போக முடியாவிட்டால் வாப்பா தூக்கிக்கொண்டு போகலாமே!

தைரொக்சின் குளிசையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்க வேண்டும். தேநீரோடு அல்ல. ரமழானில் சஹர் உணவுக்கு அரை மணி நேரம் முந்தியோ, இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ எடுக்கலாம். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்துக் குளிசைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.