வேதம் வந்த வழி – 4
ஸைதிடம் வந்த பொறுப்பு

கி.பி. 610-இல் ஹிரா குகையில் தொடங்கிய வஹீ (இறைச்செய்தி), ஏறத்தாழ 23 ஆண்டுகள் சிறுகச் சிறுக இறங்கியதைச் சென்ற இதழில் பார்த்தோம். வசனம் இறங்கியதும் நபிகள் நாயகம் (ஸல்) ஓதிக்காட்டுவார்கள். தோழர்கள் மனனம் செய்துகொள்வார்கள். எழுத்தறிந்தவர்களை நபிகள் அழைத்து, எந்த அத்தியாயத்தில் எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்லி எழுதவும் வைப்பார்கள். அடுத்த வசனம் எப்போது வரும், எங்கே அமையும் என்பதை யாரும் அறியார். அதனால் 632-இல் நபிகள் மறைந்தபோது, குர்ஆன் முழுவதும் நெஞ்சங்களிலும் ஏடுகளிலும் இருந்தது. ஒரே நூலாகக் கட்டப்பட்டிருக்கவில்லை.

அடுத்து யமாமா போர் வந்தது. பொய்த்தூதன் முஸைலிமாவின் படையை முஸ்லிம்கள் வென்றார்கள். ஆனால் குர்ஆனை மனனம் செய்திருந்த பலர் அந்தக் களத்தில் உயிர்நீத்தார்கள். இன்னும் இரண்டு போர்கள் இப்படி நடந்தால் என்ன ஆகும்? கவலையுற்ற நபித்தோழர் உமர் (ரலி), கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்று, குர்ஆனை ஒன்றுதிரட்டச் சொன்னார்கள். நபிகள் செய்யாத ஒன்றை நான் எப்படிச் செய்வது என்று அபூபக்ர் தயங்கினார்கள். உமர் விடாமல் வலியுறுத்தவே, இறுதியில் அபூபக்ரின் மனமும் தெளிந்தது.

இருவரும் அழைத்தது ஸைத் இப்னு தாபித் (ரலி) என்ற மதீனத்து இளைஞரை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். நபிகளுக்கு வஹீயை எழுதிக்கொடுத்தவர். அவரும் அதே தயக்கத்தையே சொன்னார். ஒரு மலையை நகர்த்தச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஸைத் வேலை செய்த விதத்தைத்தான் நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டும். குர்ஆன் அவருக்கே மனப்பாடம். உட்கார்ந்து தாமே எழுதி முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பேரீச்ச மட்டை, மெல்லிய வெண்கல், தோல், எலும்பு என எழுதப்பட்டிருந்த எல்லாவற்றையும் தேடித் திரட்டினார். எழுத்தை மனனத்தோடும் மனனத்தை எழுத்தோடும் ஒப்பிட்டார். கொண்டுவந்தவர்களிடம் சாட்சி கேட்டதாகவும் அறிவிப்புகள் உண்டு. தவ்பா அத்தியாயத்தின் கடைசி வசனங்கள் அவர் அறிந்தவையே. ஆயினும் தேடிச் சென்று, அபூ குஸைமா அல்அன்ஸாரி (ரலி) அவர்களிடம் கண்டெடுத்த பிறகே சேர்த்தார்.

குர்ஆன் மனிதர் இயற்றியதல்ல, அல்லாஹ்வின் பேச்சு என்பது முஸ்லிம்களின் அடிப்படை நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஸைதை அலட்சியமாக இருக்க விடவில்லை. இறைவனே காப்பான் என்று கைகட்டி நிற்காமல், தம் நினைவையும் சோதனைக்கு உட்படுத்தினார். ஈமானும் கண்டிப்பான ஆய்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் அறியேன்.

திரட்டிய ஏடுகள் அபூபக்ரிடம் இருந்தன; பின்னர் உமரிடம்; அவருக்குப்பின் அவர் மகளும் நபிகளின் துணைவியாருமான ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம். சில ஆண்டுகளில் அர்மீனியப் போர்முனையிலிருந்து நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) ஒரு கவலையோடு மதீனா வந்து சேர்ந்தார். சிரியாவினரும் இராக்கினரும் ஓதும் முறையில் ஒருவரோடொருவர் முரண்படத் தொடங்கியிருந்தார்கள். கலீஃபா உஸ்மான் (ரலி) அதை எப்படித் தீர்த்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)