மணிமேகலை ஏன் வரவில்லை?

'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வெளியானது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை என்பதால், திருப்பூரில் நாங்கள் சென்ற திரையரங்கு நிறைந்திருந்தது. எங்கள் தெருவில் வசிக்கும் அம்மையார் ஒருவரும் உடன் வந்திருந்தார். நெடுங்காலமாகச் செக்கிங் பிரிவில் வேலை செய்பவர். கல்கியின் ஐந்து பாகங்களையும் நூலகத்தில் எடுத்து மூன்று முறை படித்தவர். வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "ஏனுங்க, கடைசி வரைக்கும் மணிமேகலை வரவே இல்லீங்களே?"

எளிய கேள்விதான், ஆனால், நாவலைப் படித்தவர்களுக்கு அதன் கனம் புரியும். கடம்பூர் சம்புவரையரின் மகளான மணிமேகலை வந்தியத்தேவனை ஒருதலையாக நேசிக்கிறாள். ஆதித்த கரிகாலனின் கொலைப்பழி வந்தியத்தேவன் மீது விழும்போது, அவனைக் காப்பாற்றுவதற்காகத் தானே கொன்றதாகச் சொல்கிறாள். இறுதியில் சித்தம் கலங்கி, அவன் மடியில் உயிர் விடுகிறாள். நாவலே அவளுடைய மரணத்தோடுதான் முடிகிறது. எந்தப் பாத்திரத்தின் மரணத்தோடு கல்கி தன் பெருங்கதையை நிறைவுசெய்தாரோ, அந்தப் பாத்திரம் திரையில் இல்லவே இல்லை.

இதைத் துரோகம் என்று சொல்லிவிடுவது எளிது. ஏன் இப்படி நேர்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை இது. வாரந்தோறும் காத்திருந்த வாசகருக்குப் படகோட்டும் பூங்குழலியும், மாலை கட்டும் சேந்தன் அமுதனும் வீட்டு மனிதர்களாயினர். மணிரத்னத்தின் இரண்டு படங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். அந்த அளவுக்குள் முதலில் இடம் இழப்பவர்கள் துணைப் பாத்திரங்களே.

இன்னொரு காரணம், திரைக்கதைக்கு ஓர் அச்சு தேவை. நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. அவன் கண்கள் வழியாகவே சோழ நாடு நமக்கு விரிகிறது. படமோ கரிகாலனின் போர்க்களத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. நாவலில் கரிகாலன்–நந்தினி உறவு பெரும்பாலும் பிறர் வாய்ச் சொல்லாகவும் நினைவாகவும் வருகிறது. படத்தில் அதுவே இளமைக் காதலாகக் காட்சிப்படுத்தப்பட்டு, கதையின் நடுநாயகமாகிறது. இதனால் திரையின் கரிகாலன் நாவலின் கரிகாலனைவிட நம் இரக்கத்தை அதிகம் பெறுகிறான். நந்தினியோ, யார் மகள் என்ற புதிர் அவிழ்ந்து, மர்மம் குறைந்தவளாகிறாள். ஒருவருக்குக் கூடியது, மற்றவருக்குக் குறைந்தது.

உலகெங்கும் இதே கதைதான். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மாயப் புனைவைப் பீட்டர் ஜாக்சன் படமாக்கியபோது, டாம் பாம்பாடில் என்ற பாத்திரத்தை முற்றிலும் விட்டுவிட்டார். நாவலில் மோதிரத்தின் ஆசைக்கு மசியாத ஃபாராமிர், 2002இல் வந்த இரண்டாம் படத்தில் சற்றே தடுமாறுகிறான். எளிதில் வென்றுவிடும் ஒருவன் இருந்தால் மோதிரத்தின் மீதான அச்சம் குறைந்துவிடும் என்பது திரைக்கதையாளர்கள் தந்த விளக்கம். ஃபாராமிரை நேசித்த வாசகர்கள் பலருக்கு அந்த விளக்கம் ஆறுதல் தரவில்லை.

ஆனால், மூலத்துக்கு விசுவாசம் என்று பேசும்போது, எது மூலம் என்ற கேள்வியும் எழுகிறது. கரிகாலன் கொலை பற்றிப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் இருக்கிறான், நந்தினி இல்லை. அவளும் பூங்குழலியும் மணிமேகலையும் கல்கியின் கற்பனைகள். வரலாற்றில் உத்தம சோழர், கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர். குழந்தைகள் இடம் மாறியதாகப் புனைந்து, சிவபக்தனான சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்று திருப்பம் வைத்தவர் கல்கி. படம் அந்தத் திருப்பத்தைக் கைவிட்டு, அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனுக்கே முடிசூட்டுகிறது. அதாவது, நாவலை விட்டு விலகிய இடத்தில் படம் வரலாற்றை நெருங்குகிறது!

இருந்தும், எனக்குப் பெரிய இழப்பு இதுதான். நாவலில் அருள்மொழிவர்மன் விட்டுக்கொடுக்கும் அரியணை, அதைக் கேட்டுப் படைதிரட்டியவனிடம் போகவில்லை, பூத்தொடுத்துக்கொண்டிருந்தவனிடம் போகிறது. ஓடக்காரப் பெண் அரசியாகிறாள். அவனும் அரச குலத்தில் பிறந்தவன்தானே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால், உழைக்கும் கைகளோடு வளர்ந்த ஒருவன் ஆள வருகிறான் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் ஏற்படுத்தும் நிறைவு வேறு. ஆசைப்பட்டவனுக்கே அரியணை கிடைக்கும்போது அருள்மொழியின் தியாகம் மிஞ்சுகிறது; கதையின் நீதி மாறிவிடுகிறது. பாத்திரத்தை மாற்றுவது என்பது முகத்தை மாற்றுவது மட்டுமன்று. கதை யார் பக்கம் நிற்கிறது என்பதையும் மாற்றுவது.

அண்மையில் அந்த அம்மையாரைச் சந்தித்தேன். கம்பெனி விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி, படம் பார்த்த ஆர்வத்தில் நாவலைக் கேட்டாளாம். முதல் பாகத்தைக் கொடுத்திருக்கிறார். "சேந்தன் அமுதன் யாருன்னு மட்டும் யாரும் அவகிட்டச் சொல்லிப் போடாதீங்க" என்றார். படம் விட்டுவைத்த ரகசியம், புதிய வாசகருக்காக நாவலுக்குள் பத்திரமாக இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கட்டுரை அதை உடைத்துவிட்டது. இன்னும் நாவலைப் படிக்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். ஆனால், மணிமேகலையின் கண்ணீரை எந்தக் கட்டுரையாலும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. அதற்கு ஐந்து பாகங்களையும் கடந்துதான் வரவேண்டும்.