ஒரு சொல்லுக்கு எல்லாரும் எழுவரோ?

சாகுபுரம் 1950-களின் இறுதியில் காஸ்டிக் சோடா ஆலையைச் சுற்றி எழுந்த ஊர். அங்கு ஷிப்டு மாறும் வேளையில் வாயிலருகே நின்று பார்ப்பதில் எனக்கொரு விருப்பம் உண்டு. ஒருவர் உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டு வருவார். அவருக்குப் பின்னே வருபவர் வாய் திறவார். இன்னொருவர் மேற்பார்வையாளரைக் கண்டதும் ஏதேனும் ஐயம் கேட்டு நிறுத்திவிடுவார். இம்மூவரையும் ஒரே சொல்லால் ஊக்கிவிடலாம் என்று எண்ணும் தலைவர் ஏமாந்துபோவார் அன்றோ?

மனிதர் நடந்துகொள்ளும் பாங்கை நான்காகப் பகுத்து 1928-இல் நூலெழுதியவர் வில்லியம் மார்ஸ்டன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர். பின்வந்தோர் அதனை விரித்து, எதிர்ப்பை வென்று முந்துவோர், பேச்சால் பிறரை ஈர்ப்போர், அமைதியாகத் துணை நிற்போர், நுணுகி ஆராய்ந்து முறைப்படி செய்வோர் என விளக்கினர். மாணவ நண்பர்களே, இதனை நான் வேதவாக்காகக் கொள்வதில்லை. வகுப்பில் வாய் திறவாதவன் பந்தாட்டக் களத்தில் எல்லாரையும் அதட்டுவதை நீங்களே கண்டிருப்பீர்கள். மனிதர் மீது முத்திரை குத்துவதற்கு இப்பகுப்பு உதவாது. இவருக்கு இப்போது எது வேண்டும் என்று கேட்கத் தூண்டுமாயின் அதுவே போதும்.

அந்நூல் தோன்றுவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, சாகுபுரத்திற்கு வடக்கே தூத்துக்குடியில் அக்கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தனர். 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலையை நிறுத்தினர். வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவாவுக்கு அப்போது வயது 23. அவருடைய மேடைப்பேச்சு கேட்டோரைக் கொதித்தெழச் செய்தது. ஆனால் பேச்சு உலையில் அரிசியாகுமா? கூலி நின்ற வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்க, எத்துணை வீரனும் மூன்றாம் நாள் தளர்ந்துவிடுவான். அங்கேதான் வ.உ.சிதம்பரனாரின் பணி தொடங்கிற்று. 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட அந்த வழக்கறிஞர் ஊராரிடம் பொருள் திரட்டினார். சிலருக்கு நகரில் வேறு வேலையும் தேடிக்கொடுத்தார்.

துணிந்தவனுக்குச் சிவாவின் முழக்கம் வேண்டியிருந்தது; குடும்பத்தை எண்ணி அஞ்சியவனுக்கு அரிசியும், கணக்குப் பார்ப்பவனுக்குத் தெளிவான கோரிக்கையும் வேண்டியிருந்தன. எவரும் எழுதிவைத்த செய்தி அன்று இது. நிகழ்ந்தவற்றிலிருந்து நான் கொள்ளும் கருத்து. அச்சமுற்றவனைக் கோழை என்று இகழ்ந்திருந்தால் அவன் மறுநாளே ஆலைக்குத் திரும்பியிருப்பான்; அவனைத் தொடர்ந்து பத்துப்பேர் சென்றிருப்பர்.

ஏறத்தாழ ஒன்பது நாளில் நிருவாகம் இணங்கிற்று. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை நாளாயிற்று. மார்ச் 12-ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் சிறைப்பட்டனர். அதனைக் கேட்ட கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கூலி உயர்வு கேட்கவில்லை.