எலும்பின் கணக்கு – 9: வெள்ளையாகத் தெரியும் எலும்பு

பந்தும் கிண்ணமுமான இடுப்பு மூட்டு, 1962-இல் ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் அதற்குச் செய்த மாற்று, தொடை எலும்பின் உட்குழலில் இறங்கும் உலோகத் தண்டு எல்லாம் முந்தைய வாரங்களில் வந்துவிட்டன. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் வெயிலும் வைட்டமின் டி-யும் என்று அறிவித்திருந்தேன். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. மூட்டு மாற்றுக்குப் போகிறவரின் எலும்பு உறுதியாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ஸ்கேனில் அடர்த்தி நன்றாக இருக்கிறது, ஆகவே பயமில்லை என்பது வழக்கமான பதில். அடர்த்தி வேறு, உறுதி வேறு என்கிறேன். இரண்டையும் ஒன்றாக எண்ணுவது வேறு பல இடங்களைவிட மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் அதிக ஆபத்து என்றும் சொல்கிறேன். இதற்கான சான்று மதுரைக்கு வடக்கே, பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது.

1930-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து விவசாயிகள் தங்கள் உழவு மாடுகள் மூட்டு விறைத்து நடக்க முடியாமல் போவதைக் கவனித்தார்கள் என்று பதிவு இருக்கிறது. பிறகுதான் மனிதர்களிடமும் அதே விறைப்பு கண்ணில் பட்டது. குனிய முடியாத முதுகு, திரும்ப மறுக்கும் கழுத்து, மடங்காத முழங்கால். 1937-இல் ஹென்றி ஷார்ட் தன் சகாக்களுடன் எழுதிய ஆய்வுக்கட்டுரை, குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடே காரணம் என்று காட்டியது. இந்தியாவில் ஃபுளோரைடு நோய்க்கு அதுவே முதல் மருத்துவ ஆவணம். (இதே ஷார்ட்தான் 1948-இல் சக ஆய்வாளர் கார்ன்ஹாமுடன் சேர்ந்து, மலேரியா கிருமி மனிதக் கல்லீரலில் ஒளிந்து வளர்வதைக் கண்டறிந்தவர். ஒரே மனிதர் ஒரு வாழ்நாளில் இந்த இரண்டையும் பார்த்தது பெரிய விஷயம்.) நெல்லூர் நோயாளிகளின் எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்து மங்கலாகத் தெரிவதில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளை வெளேரென்று தெரியும். அடர்த்தியை மட்டும் அளக்கும் கருவி அந்த எலும்புக்கு நல்ல மதிப்பெண்ணே போடும்.

அந்த மதிப்பெண்ணை நம்பி மருத்துவ உலகம் ஒருமுறை ஏமாந்தும் இருக்கிறது. ஃபுளோரைடு அடர்த்தியைக் கூட்டுகிறது என்றால் எலும்புத் தேய்வுக்கு அதையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று நினைத்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரிக்ஸ் குழுவினர் 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதமும் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் 12 சதவீதமும் கூடியிருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை; கை, கால், இடுப்பு போன்ற மற்ற இடங்களில் முறிவுகள் அதிகரித்தன. காரணம் எலும்பின் உள்கட்டில் இருக்கிறது. எலும்பு என்பது கொலாஜன் நாரும் சுண்ணாம்புப் படிகமும் பின்னிக் கிடக்கும் பொருள். படிகம் கடினம் தருகிறது, நார் நெகிழ்வு தருகிறது. ஃபுளோரைடு படிகத்துக்குள் புகுந்து அதன் அமைப்பை மாற்றி, நாரோடு அதற்கிருந்த பிடிப்பையும் குலைக்கிறது. அப்படி ஆன எலும்பு மானாமதுரை மண்கடம் மாதிரி. கடம் தடித்தது, கனமானது, விரலால் தட்டினால் கணீரென்கிறது. கைதவறி விழுந்தால் மூங்கில் கூடைபோல நெளிந்து தப்பிக்க அதற்குத் தெரியாது.

அடர்த்தி ஸ்கேன் வீண் என்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. ஸ்கேன் தரும் அடர்த்தி எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புத் தேய்வு என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கோடு இன்றும் பயன்படுகிறது. எண் குறையக் குறைய முறிவு கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் எலும்பு முறிந்து வருகிறவர்களில் பெரும்பகுதியினர் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள்தான். குறைந்த எண்ணை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது சரி. நல்ல எண்ணை உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

அறுவை மேசையில் இந்தத் தவறுக்கு உடனே விலை உண்டு. சிமெண்ட் இல்லாமல் பொருத்தும் தண்டு, எலும்புக் குழலில் சுத்தியலால் அடித்து இறக்கப்படும் ஆப்பு. பச்சை மரம் கொஞ்சம் விரிந்துகொடுத்து ஆப்பைக் கவ்விக்கொள்ளும். உளுத்த மரத்தில் ஆப்பு நிற்காது. காய்ந்து இறுகிய மரமோ பிளந்துவிடும். தேய்ந்த எலும்பும் ஃபுளோரைடு ஏறிய எலும்பும் ஸ்கேனில் எதிரெதிர்த் துருவங்கள். ஆப்பு இறங்கும்போது இரண்டிலும் விரிசல் அபாயம். இடுப்பு முறிந்து, பந்தை மட்டும் மாற்றிக்கொண்ட 60 வயது கடந்த 1,225 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த சோதனை 2022-இல் வெளியானது. தண்டைச் சுற்றிய எலும்பு மறுபடி முறிந்தது சிமெண்ட் வைத்தவர்களில் 0.5 சதவீதம், வைக்காதவர்களில் 2.1 சதவீதம். நான்கு மடங்கு வித்தியாசம். சிமெண்ட் நவீனம் இல்லை, பழைய முறை என்ற பேச்சை இந்த எண்களுக்கு முன்னால் ஏற்க முடியாது.

எலும்பு சிமெண்ட் வைக்கும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று விழுவதும், அரிதாக உயிரே போவதும் உண்டு. இந்த ஆட்சேபத்தை லேசாகத் தள்ள முடியாது. ஆயினும் அதே சோதனையில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் சிமெண்ட் பிரிவில் 23.9 சதவீதம், மற்றதில் 27.8 சதவீதம். சிமெண்ட் உயிரைக் காத்தது என்று சொல்ல இந்த இடைவெளி போதாது. சிமெண்ட்டால் கூடுதல் பேர் இறக்கவில்லை என்று சொல்லப் போதும். வேறொரு சிக்கலும் இருக்கிறது. சிமெண்ட் பிடிக்க எலும்பின் உட்சுவரில் நுண்துளைகள் வேண்டும். ஃபுளோரைடால் இறுகிய எலும்பில் அந்தத் துளைகள் அடைபட்டிருக்கலாம், குழலும் குறுகியிருக்கலாம். ஆகவே தேய்ந்த எலும்புக்குச் சொன்ன வைத்தியத்தை இதற்கு அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. எந்த எலும்பு என்று கத்தி வைப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஃபுளோரைடு என்பது தர்மபுரிப் பிரச்சினைதானே, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அங்குதானே வந்தது என்று மதுரைக்காரர்கள் கேட்கலாம். ஆனால் திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் சில இடங்களில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டியிருக்கிறது. இங்குள்ள பழம்பாறைகளின் கருநிற அப்பிரகமும் அபடைட்டும் அதை நீரில் கசியவிடுகின்றன. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு இந்த மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஊரைவிட்டு வந்து பல ஆண்டுகளாக நகராட்சிக் குழாய்த் தண்ணீர் குடித்தாலும், எலும்பில் ஏறிய ஃபுளோரைடு லேசில் இறங்காது. சிறுவயதில் அந்த நீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். ஆனால் எழுபது வயதுப் பாட்டிக்குப் பல் மிஞ்சியிருக்க வேண்டும், மிஞ்சிய பல்லில் வெற்றிலைக் கறை எது, தண்ணீர்க் கறை எது என்று பிரித்தறியவும் வேண்டும். அதனால் இடுப்பு மூட்டு மருத்துவர் ஸ்கேன் காகிதத்தைப் புரட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: "பிறந்த ஊர் எது ஆத்தா, அங்க எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சீங்க?"

வெயிலும் வைட்டமின் டி-யும் அடுத்த வாரம்.