பாண்டியர் குதிரை இழப்பும் ஒட்டுண்ணித் தடுப்பும்: தென்காசி – குற்றாலச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கடல்வழி வந்த குதிரைகள் பாண்டிய நாட்டில் விரைவில் மடிந்தன என்பது அயல்நாட்டார் குறிப்புகளால் அறியப்படுவது. அவ்விழப்பை ஒட்டுண்ணியியல் நோக்கில் அணுகி, தென்காசி – குற்றாலப் பகுதியின் மழைப்பருவங்களுக்கு ஏற்ற தடுப்பு முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாண்டியர், குதிரை வணிகம், குடற்புழு, சாரல், முட்டை எண்ணிக்கை.

முன்னுரை

கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாறும், நரி பரியான கதையும் குதிரைக்காக அரசு செலவிட்ட பெரும்பொருளை நினைவூட்டுகின்றன. சித்தாறு குற்றால மலையில் தோன்றித் தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணியின் முகத்துவாரத்தை ஒட்டிய காயலே பாண்டியரின் குதிரைத் துறைமுகம். பிற்காலப் பாண்டியரின் தலைநகரான தென்காசியும் குதிரை இறங்கிய காயலும் இவ்வாறு ஒரே ஆற்றுப் படுகையைச் சார்ந்தவை.

வரலாற்றுக் குறிப்புகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மாபார் அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டிறுதியில் 100கூட எஞ்சவில்லை என்றும் எழுதுகிறார். வேகவைத்த சோறும் இறைச்சியும் தீவனமானதையும், இலாடம் கட்டுவோர் இல்லாததையும் அவர் காரணமாகக் காட்டுகிறார். ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்பும் ஒப்பந்தத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் பதிவுசெய்கிறார். வழியில் இறந்த குதிரைக்கும் கருவூலமே விலை கொடுத்தது என்கிறார் அவர்.

மாவுச்சத்து மிகுந்த தீவனம் வயிற்றுவலியையும் குளம்பு அழற்சியையும் உண்டாக்கும் என்பதால் போலோவின் காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அதுவே முழுக் காரணமாகாது. வறண்ட நிலத்துக் குதிரை ஈரமும் வெப்பமும் கலந்த நிலத்திற்கு வரும்போது புதிய ஒட்டுண்ணிச் சுமையையும் எதிர்கொள்கிறது.

சாரலும் புழுவும்

குதிரைக்குப் பெருந்தீங்கு செய்பவை ஸ்ட்ராங்கைல் வகை உருளைப்புழுக்கள். அவற்றின் முட்டைகள் இலத்தியுடன் வெளிவந்து, வெப்பமும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு வாரங்களில் தொற்றும் நிலைப் புழுக்களாகிப் புல்லில் ஏறுகின்றன. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரலைத் தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. எனவே இப்பகுதி மேய்ச்சல் நிலத்திற்குத் தொற்றுப் பருவம் ஆண்டில் இருமுறை அமைகிறது. குளிர்நாடுகளுக்கு வகுத்த மருந்து நாட்காட்டியை இங்கு அப்படியே பின்பற்றுவது பொருந்தாது.

மழைக்காலத்தில் பெருகும் கடி ஈக்கள் சுர்ரா நோயைப் பரப்புகின்றன. அதற்குக் காரணமான டிரிபனோசோமா ஒட்டுண்ணியை 1880இல் கிரிஃபித் எவான்ஸ் பஞ்சாபில் கண்டறிந்தார். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், குருதிச்சோகை, கால் வீக்கம், மெலிவு ஆகியன அதன் அறிகுறிகள். குடற்புழு மருந்தால் இந்நோய் தீராது. குருதிப் பரிசோதனை இன்றியமையாதது.

தடுப்பு முறைகள்

எல்லாக் குதிரைகளுக்கும் குறித்த இடைவெளியில் மருந்து கொடுத்த பழைய முறையால் மருந்தெதிர்ப்புப் புழுக்கள் பெருகின. பென்சிமிடசோல் வகை மருந்துகளுக்குச் சிறு ஸ்ட்ராங்கைல்கள் உலகெங்கும் எதிர்ப்புப் பெற்றுள்ளன. ஒரு மந்தையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக் குதிரைகளே 80 விழுக்காட்டு முட்டைகளை வெளியிடுகின்றன. ஆகவே சாரலின் தொடக்கத்திலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் இலத்தியில் ஒரு கிராமுக்குரிய முட்டைகளை எண்ணி, மிகுதியாக வெளியிடும் குதிரைகளுக்கு உடல் எடைக்கேற்ப மருந்தளிப்பது தக்கது. இரு வாரங்களுக்குப் பின் மீண்டும் எண்ணினால் மருந்தின் பயன் புலப்படும். கோடையில் புல்வெளியில் புழுக்கள் குறைந்திருக்கும். அப்போது மந்தை முழுவதற்கும் மருந்தளித்தால் எதிர்ப்புப் பெற்றவையே எஞ்சி அடுத்த தலைமுறையை உருவாக்கும். குட்டிகளுக்கு உருண்டைப்புழுத் தாக்கம் மிகுதி என்பதால் அவற்றுக்குத் தனி அட்டவணை வேண்டும்.

வாரம் இருமுறை இலத்தியை அகற்றி மட்கச் செய்தல், புதிதாக வரும் குதிரையைத் தனித்து வைத்தல், தரையில் தீவனம் இடாமை, ஈரம் தேங்காத லாயம், குளம்புப் பராமரிப்பு, இசிவுநோய் – வெறிநோய்த் தடுப்பூசிகள் ஆகியன மருந்துக்கு நிகரானவை.

நிறைவுரை

பாண்டியர் இழப்பை ஈடுசெய்யப் புதிய குதிரைகளை வாங்கினர். இன்று வளர்ப்போர் புதிய மருந்தை வாங்குகின்றனர். இரண்டிலும் காரணத்தை ஆராயாமல் பொருளைச் செலவிடும் போக்கே காணப்படுகிறது. குதிரை வணிக ஆவணங்களை நிலத்தியல், காலநிலை, கால்நடை மருத்துவம் ஆகியவற்றோடு இணைத்து வாசிப்பது வரலாற்றாய்வுக்கும் நடைமுறைப் பராமரிப்புக்கும் ஒருங்கே பயன்தரும்.