‘ஹவுஸ்’, ‘ஹோம்’: வீடும் ஊரும்

பண்டாரவளையிலிருந்து நேயர் ஒருவர் தபாலட்டை அனுப்பியிருந்தார். நான்கே வரிகள். “ஆங்கிலத்தில் ‘ஹவுஸ்’ என்றாலும் வீடு, ‘ஹோம்’ என்றாலும் வீடு. அகராதியிலும் அவ்வாறே போட்டிருக்கிறது. அப்படியிருக்க இரண்டு சொற்கள் எதற்கு? ஒன்று வரவேண்டிய இடத்தில் மற்றதை எழுதினால் ஆசிரியர் ஏன் சிவப்புப் பேனையால் வெட்டுகிறார்?” என்பது அவரது கேள்வி. அப்படி வெட்டிய ஆசிரியர்களில் அடியேனும் ஒருவன். கொஸ்லந்தைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பித்த காலத்தில் இந்த இரு சொற்களுக்காக நான் செலவழித்த சிவப்பு மை கொஞ்சமல்ல. ஆகவே பதில் சொல்லும் கடப்பாடு எனக்கு உண்டு.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் நேயர்கள் அறிந்ததே. கல்லாலும் மண்ணாலும் கட்டுவது ஹவுஸ். அன்பாலும் பாசத்தாலும் ஆவது ஹோம். கலியாண வாழ்த்து மடல்களில் இதை அச்சடித்துக் கொடுப்பார்கள். தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு வசனத்தைக்கூடச் சரியாக எழுத முடியாது. அன்பு என்ற பேச்சுக்கே இடமில்லாத வீட்டுக்கு மாலையில் திரும்பும் மனிதனும் ஆங்கிலத்திலே ‘கோயிங் ஹோம்’தான்.

இலக்கணத்திலிருந்து தொடங்குவோம். பாடசாலைக்குப் போனேன் என்பது ‘ஐ வென்ட் டு ஸ்கூல்’. அந்த வீட்டுக்குப் போனேன் என்பது ‘ஐ வென்ட் டு த ஹவுஸ்’. என்னுடைய இடத்துக்கே நான் போனேன் என்றால் ‘ஐ வென்ட் ஹோம்’. அங்கே ‘டு’ கிடையாது. தமிழிலே ‘வீடு திரும்பினான்’, ‘ஊர் போய்ச் சேர்ந்தான்’ என்று உருபைத் தொகுத்துச் சொல்லும் வழக்கம் உண்டெனினும், அன்றாடப் பேச்சிலே ‘வீட்டுக்கு’ என்றுதானே சொல்கிறோம்? அந்தக் ‘கு’வை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோய் ‘டு ஹோம்’ என்று எழுதிவிடுகிறார்கள் பிள்ளைகள்.

ஊவா மாகாணத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். அவர்கள் கடைவீதியிலே சிங்களம் பேசிப் பழகியவர்கள். கடைக்குப் போவதைச் சிங்களத்தில் ‘கடேட்ட யனவா’ என்பார்கள். வீட்டுக்குப் போவது ‘கெதர யனவா’. அங்கே உருபு இல்லை. கட்டடத்தைக் குறிக்க ‘கெய’ என்று தனியே ஒரு சொல் உண்டு. ‘கெய’ ஹவுஸ் என்றால், ‘கெதர’ ஹோம். மலைநாட்டுச் சிங்களவரின் பரம்பரைப் பெயர்களிலே இந்தக் ‘கெதர’ ஒட்டிக்கொண்டிருப்பதையும் நேயர்கள் கவனித்திருப்பீர்கள். ஒருவன் எங்கிருந்து வந்தவன் என்பதைச் சொல்லும் சொல் அது. மூன்று நிமிடத்தில் வகுப்பு பிடித்துக்கொள்ளும். மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்வதால் வரும் இந்த இலாபத்தை நமது பாடத்திட்டங்கள் கண்டுகொள்வதில்லை என்பது என் பழைய மனக்குறை.

இனிச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்திலே ‘ஹூஸ்’ என்பது கட்டடம். ‘ஹாம்’ என்பதோ குடியிருப்பு, கிராமம்; ஒருவன் தன் சுற்றத்தோடும் நிலபுலத்தோடும் வாழ்ந்த இடம். பேர்மிங்ஹாம், நொட்டிங்ஹாம் என்ற நகரப் பெயர்களின் ஈற்றிலே இருப்பது இந்த ‘ஹாம்’தான். நமக்கு மூதூர், ஏறாவூர், வேலூர் போல. ஆக, ‘ஹோம்’ என்ற சொல் பிறப்பால் வீட்டுக்குச் சொந்தமானதல்ல, ஊருக்குச் சொந்தமானது. அகராதிக்காரர்கள் ‘ஹோம்: ஊர், வீடு’ என்று வரிசை மாற்றிப் போட்டிருந்தால் எங்கள் சிவப்பு மை பாதி மிஞ்சியிருக்கும்.

நமது மொழிபெயர்ப்பாளர்கள் சில வேளை இதைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். யுத்த காலத்துப் பத்திரிகைகளை வாசித்தவர்களுக்கு ‘ஹோம் கார்ட்’ என்பது ‘ஊர்காவல் படை’ ஆனது நினைவிருக்கும். ‘ஹோம் அஃபெயர்ஸ்’ உள்நாட்டலுவல்கள் ஆயிற்று. ஹோம் இங்கே ஊராகவும் நாடாகவும் விரிகிறது. ஹவுஸோ கூரைக்குக் கீழேதான் நிற்கும். பாராளுமன்றத்திலும் ஹவுஸ் உண்டு. படமாளிகை வாசலிலே தொங்கும் ‘ஹவுஸ்ஃபுல்’ பலகையிலும் உண்டு. ஒரு கூரையின் கீழ் கூடியவர்கள் என்பதே பொருள். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் வரும் ஹவுஸை ‘இல்லம்’ என்கிறோம். முதியோருக்கும் அநாதைச் சிறுவர்க்கும் உரிய ஹோமையும் ‘இல்லம்’ என்கிறோம். இங்கே தமிழ் கொஞ்சம் சோம்பிவிட்டது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ‘ஹஸ்பண்ட்’ என்ற சொல்லுக்குள்ளே ஹவுஸ் ஒளிந்திருக்கிறது. வீட்டுக்குத் தலைவன் என்பது அதன் மூலப்பொருள். ஆங்கிலேயன் வீட்டைக் கணவனுக்குள் வைத்தான். தமிழன் மனையை மனைவிக்குள்ளும், இல்லை இல்லாளுக்குள்ளும் வைத்தான். யார் செய்தது சரி என்ற ஆராய்ச்சியை நேயர்கள் தத்தம் வீட்டிலே நடத்திக்கொள்ளலாம்.

வேடிக்கை அல்லாத ஒன்றுக்கு வருகிறேன். ஒரு நாள் ஆறாம் ஆண்டு வகுப்பில் ‘மை ஹவுஸ்’ என்ற தலைப்பில் ஐந்து வசனங்கள் எழுதச் சொன்னேன். புத்தகத்திலே மாதிரி இருந்தது: சிவப்பு ஓடு, முன்னால் பூந்தோட்டம், மூன்று படுக்கை அறைகள். முன்வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். “எங்க காம்பராவுக்கு ஹவுஸுன்னு போடலாங்களா சேர்? ஒரே காம்பராதான் இருக்கு” என்றாள். வகுப்பு சிரிக்கவில்லை. அத்தனை பேரின் கேள்வியும் அதுவாகவே இருந்தது. போடலாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தோட்டத்திலே மனிதர் வாழும் இடங்களுக்கு வழங்கும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். துரை இருப்பது பங்களா. வங்காளத்துப் பாணியிலே கட்டிய வீடு என்ற பொருளில் வந்த சொல். கணக்கப்பிள்ளையும் கிளாக்கரும் இருப்பது குவாட்டர்ஸ். தொழிலாளர் இருப்பது லைன். அதுவே நாவிலே லயனாகி, லயமாயிற்று. குவாட்டர்ஸும் லைனும் படைமுகாமிலும் வழங்கும் சொற்கள். வேலைக்கு வைத்திருக்கும் ஆளை நிறுத்திவைக்கும் இடங்கள். லயத்தின் உள்ளே, பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்குக் ‘காம்பரா’ என்று போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பல மொழிகளிலிருந்து சொற்கள் வந்திருக்கின்றன. ‘ஹவுஸ்’ மட்டும் வரவில்லை. சிறுமியின் ஐயம் மொழிப்பாடத்திலே எழுந்த ஐயம் அல்ல என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. காம்பராவுக்கு உறுதி கிடையாது. பேர் வெட்டுப்பட்டால் வேலையோடு கூரையும் போகும்.

சரி, ஹோம்? துரைமாருக்கு அது இங்கிலாந்து. 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்ற புகழ்பெற்ற அகராதி, குடியேற்ற நாடுகளிலிருந்த ஆங்கிலேயரின் பேச்சிலே ஹோம் என்றால் இங்கிலாந்து என்று தனிப்பதிவாகவே குறித்திருக்கிறது. கப்பலேறி விடுமுறைக்குப் போவது ‘ஹோம் லீவ்’. அதே மலையில், பங்களாவுக்குக் கீழே, என் பாட்டனார் ‘ஊருக்குப் போகணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரது ஊர் திருச்சிராப்பள்ளிப் பக்கம். துரையின் ஹோமும் பாட்டனாரின் ஊரும் ஒரே சொல்தான் என்று நான் சொன்னால் இருவருமே ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

துரை தம் ஹோமுக்குத் தாமாகவே போனார். எங்களவர் ஊருக்கு அனுப்பப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. போனவர்களுக்குத் தமிழ்நாட்டிலே ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். நான் சிறுவனாயிருந்தபோது என் பெரியப்பா குடும்பமும் அப்படிப் போனது. அவர் கொஸ்லந்தைப் பக்கத்திலே பிறந்தவர். தலைமன்னாரில் கப்பலேறும்வரை கடலைக் கண்டதில்லை. திரும்பியவர் என்று அவரைச் சொல்வது எந்த இலக்கணம்? நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம். அங்கிருந்து வந்த முதற் கடிதத்தின் முதல் வரி: ‘ஊரில் அனைவரும் சுகமா? ஊரில் மழை எப்படி?’ அவர் விசாரித்தது கொஸ்லந்தை மழையை. ஒரு தலைமுறைக்குள் ‘ஊர்’ என்ற சொல் கடல் தாண்டி இடம் மாறிவிட்டது. அதைப் பதிவு செய்ய எந்த அதிகாரியும் படிவம் வைத்திருக்கவில்லை.

தமிழிலே இந்த விஷயத்துக்கு இன்னொரு நல்ல சொல் உண்டு: ‘குடி’. குடில், குடிசை, குடும்பம் எல்லாம் அதனோடு சேர்ந்தவை. குடிமகன், குடியுரிமை என்பனவும் அதிலிருந்தே கிளைத்தவை. ஆங்கிலத்திலே ‘சிட்டிசன்’ நகரத்தோடு உறவுள்ள சொல். நமக்கோ குடியிருப்பவன் குடிமகன். இந்த இலக்கணப்படி பார்த்தால், நூற்றாண்டுக்கு மேலாக ஒரே மலையிலே குடியிருந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்பது சொல்லளவிலேயே முரண்பாடு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோருக்கு அதை வழங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு சொல் தன் பொருளுக்காகக் காத்திருந்தது.

சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. வட்டகொடையை அடுத்த மடக்கும்புர தோட்டத்திலே 1914இல் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். தலைப்பை ஆங்கிலத்தில் எப்படிப் பெயர்ப்பது? ‘ஹவுஸ்லெஸ்’ என்றால் கூரை இல்லாதவன். ‘ஹோம்லெஸ்’ என்பதே பழகிய சொல். அது தெருவில் படுத்துறங்குபவனையும் குறிக்கும், போக்கிடமற்ற எவனையும் குறிக்கும். சி. வி. இரு மொழியும் கைவந்தவர். ‘ஊரற்றவன்’ என்று வைத்திருந்தாலும் எங்கள் வரலாற்றுக்குப் பொருந்தியே இருக்கும். ஆனால் தமிழிலே வீடு என்பதற்கு விடுதலை என்றும் பொருள் உண்டல்லவா? அறம், பொருள், இன்பம், வீடு. தமிழ்த் தலைப்பிலே நிற்கும் அந்த இரண்டாம் பொருளை ஆங்கிலத்தின் இரு சொற்களில் எதற்குள்ளும் அடக்க முடியாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். திரும்பி வர அவர்களுக்கு லயம் இருக்கவில்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இருக்கவில்லை. மண்ணுக்குள் போனவர்களிற் பலரது உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்பட்டால் போதுமா? போவதற்கு வேறு இடம் வேண்டாமா?

அந்நாட்களில் ஆங்கிலப் பத்திரிகைகளிலே ஹவுஸ் என்பது வினைச்சொல்லாக வரக் கண்டேன். தப்பியவர்கள் பாடசாலைகளிலே ‘ஹவுஸ்ட்’ என்று எழுதினார்கள். தங்கவைக்கப்பட்டனர் என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதின. யாரோ ஒருவர் இன்னொருவரைக் கொண்டுபோய் ஹவுஸ் செய்யலாம். எந்த அதிகாரியும் எந்த மனிதனையும் ஹோம் செய்ததாக ஆங்கிலத்தில் எழுதுவதில்லை. பாடசாலைகளிலிருந்து கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு மாற்றப்பட்டு, 2016இல்தான் அவர்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தன. தனித்தனி வீடுகள், சுவர் ஒட்டியிராதவை. அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்கு இடமே இல்லாத, ஐயந்திரிபற்ற ஹவுஸ்.

சில ஆண்டுகளுக்குப் பின் ஒக்டோபர் மாதக் கடைசியில் கொஸ்லந்தைக் கடைவீதியிலே நின்றிருந்தேன். தேங்காய், பழம், சூடம் எல்லாம் ஒரு பையிலே வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி ஓட்டோக்காரப் பையனிடம் வந்தார்.

“ஊருக்குப் போகணும் தம்பி.”

“எந்த ஊருக்குங்க பாட்டி?”

“மீரியபெத்தைக்குத்தான்.”

பையன் பேரம் பேசவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அந்தப் பாட்டி சொன்ன முதல் வசனத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொல்லி ஒரு மாணவனிடம் கொடுத்தால், அவன் ‘ஹவுஸ்’ என்று எழுதினாலும் ‘டு ஹோம்’ என்று எழுதினாலும் இன்றும் நான் சிவப்புப் பேனையை எடுப்பேன். பண்டாரவளை நேயருக்கு இது போதுமென்று நினைக்கிறேன். அவரே தபாலட்டையின் ஓரத்தில், இடமில்லாத இடத்தில், ‘ஸே’ என்பதற்கும் ‘டெல்’ என்பதற்கும் என்ன பேதம் என்றும் பொடி எழுத்தில் கேட்டிருக்கிறார். அதை அடுத்த உரையிலே பார்ப்போம்.